மன்னிக்கும் உரிமை யாருடையது?

(யாழ்ப்பாணத்தில் சர்வமதச் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, சிவாச்சாரியார்களே, அருட்தந்தையரே, போதகர்களே, மௌலவிமாரே, முன்வரிசையில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் தாய்மாரே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நீதியும் கருணையும் என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். மதத்துக்கு ஒரு வசனமாக எடுத்துச் சொல்லி, எல்லாம் ஒன்றையே போதிக்கின்றன என்று முடித்துவிட்டால் கைதட்டல் கிடைக்கும். இந்த முன்வரிசையைப் பார்த்துக்கொண்டு அப்படிப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆகவே சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மன்னிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கே உண்டு. நடந்தது என்ன என்பது ஒப்புக்கொள்ளப்படும் வரை அந்த உரிமையை அவர் பயன்படுத்தவும் முடியாது. மேடையில் நிற்கிற நானோ, பீடத்தில் நிற்கிற நீங்களோ அவருக்காக மன்னிக்க முடியாது.

வேதங்களும் இதற்கு இடம் தருகின்றன. திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், 178 ஆம் வசனம், கொலைக்குரிய தண்டனையைச் சொல்லுமிடத்திலேயே மன்னிப்பையும் பேசுகிறது. மன்னிக்கலாம் என்ற அனுமதி அங்கே கொல்லப்பட்டவரின் உரித்தாளர்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. லூக்கா நற்செய்தியின் 19 ஆம் அதிகாரத்தில் வரும் சகேயுவை எடுத்துக்கொள்ளுங்கள். வரி தண்டிச் செல்வம் சேர்த்தவன். இயேசு அவன் வீட்டுக்குத் தாமாகவே போகிறார்; அது கருணை. ஆனால் சகேயு எழுந்து நின்று, அநியாயமாய் எவரிடம் வாங்கியிருந்தாலும் நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்கிறான். இரட்சிப்பு வந்தது என்ற வார்த்தை அதற்குப் பிறகுதான் வருகிறது. நமது பிரசங்கங்களில் விருந்து நிலைத்துவிட்டது, அந்த நாலு மடங்கு மறைந்துவிட்டது.

எல்லாளன் கதை உங்களுக்குத் தெரியும். கன்றைக் கொன்ற மகனைத் தேர்க்காலில் இட்ட மன்னன் கதையை மனுநீதிச் சோழன் மீது ஏற்றிச் சேக்கிழாரும் பாடினார். இலங்கையின் பௌத்த வரலாற்று நூலான மகாவம்சம் அதை அநுராதபுரத்தை ஆண்ட எல்லாளன் மீது சொல்கிறது. ஆனால் மகாவம்சத்தில் அதற்குச் சற்றுப் பின்னால் வரும் ஒரு சம்பவத்தை நம்மில் அதிகம் பேர் எடுத்துச் சொல்வதில்லை. மன்னனின் தேர் பட்டு ஒரு பௌத்தத் தூபி சிதைகிறது. தேரிலிருந்து இறங்கி, என் தலையையும் இந்தச் சக்கரத்தாலேயே துண்டியுங்கள் என்கிறான். பிறரைத் துன்புறுத்துவதை எங்கள் போதகரான புத்தர் விரும்பமாட்டார், தூபியைத் திருத்திச் சமாதானம் செய்துகொள்ளுங்கள் என்று அமைச்சர்கள் சொல்கிறார்கள். விழுந்த கற்கள் 15. அவற்றைத் திரும்ப வைக்க அவன் 15,000 கஹாபண நாணயங்கள் செலவிட்டான் என்கிறது அந்நூல். வேற்று மதத்தவனான ஒரு தமிழ் மன்னனைப் பற்றி, அவனை எதிரியாகக் கருதிய ஒரு நூல் இதைச் சொல்கிறது. அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. தலை போகவில்லை. ஆனால் கல் பழைய இடத்துக்கு வந்தது.

இனி நமது ஊருக்கு வருவோம். 1995 ஜூலை 9 அன்று நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது விமானப்படை குண்டு வீசியது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். சைவர்களும் கிறிஸ்தவர்களும் ஒன்றாகவே இறந்தார்கள். இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அதற்கு நாங்கள் நீதி கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும்.

அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990 ஒக்டோபர் 30 அன்று, இந்த நகரத்து முஸ்லிம்களுக்கு வெளியேற இரண்டு மணி நேரம் கொடுக்கப்பட்டது. பலர் உடுத்த உடையோடு போனார்கள். செய்தவர்கள் விடுதலைப் புலிகள், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். அச்சத்தால் வாய் திறக்க முடியவில்லை என்பது உண்மை. பிறகு அந்த வீடுகளின் ஓடுகளும் கதவு நிலைகளும் எங்கே போயின என்பதற்கு அச்சம் பதிலாகாது. நவாலிக்கு நீதி என்று சொல்லும் அதே நாவால், முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவுக்கு "அது போர்க்காலம், மறந்துவிடுங்கள்" என்று சொல்கிறோமே, அது எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு வளவை, அதாவது ஒரு வீட்டுக் காணியைப் பற்றிச் சொல்கிறேன், பெயர்கள் வேண்டாம். முஸ்லிமான உரிமையாளர், தஞ்சம் புகுந்திருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்தபோது அவருடைய வளவில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. அவர்களும் அதே 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்கள். அவர்களுடைய காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. ஓடு போன கூரைக்குத் தகரம் போட்டிருந்தார்கள், கிணற்றைத் துப்புரவாக்கியிருந்தார்கள், வேலியோரம் முருங்கை நட்டிருந்தார்கள். "நாங்களும் அகதிகள்தானே, நானா" என்றார் இருந்தவர். "நான் இல்லை என்று சொன்னேனா, தம்பி? இது யாருடைய வளவு என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார் வந்தவர். பல மாதங்கள் அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. பேச்சும் நின்றுபோனது.

கடைசியில் கிராம அலுவலர் முன்னிலையில், வளவு உங்களுடையது, நான் தற்காலிகமாக இருக்கிறேன் என்று இருந்தவர் எழுதிக் கையொப்பமிட்டார். அன்றைக்கே, யாரும் கேட்காமலே, மகளின் சாதாரண தரப் பரீட்சை முடியும் வரை இருங்கள் என்றார் உரிமையாளர். தகரத்துக்கும் ஒரு தொகை கொடுத்தார். அந்தக் கையொப்பத்துக்கு முன்பு அதே அவகாசத்தை அவரிடம் கேட்டிருந்தால், அது அவருக்கு இரண்டாவது பறிப்பாகவே இருந்திருக்கும்.

"கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு உரிமை உடைத்திவ் வுலகு" என்ற குறளுக்கு உரை எழுதியவர்கள் பலர். அந்த வளவில் நடந்ததை விட நல்ல உரையை நான் வாசித்ததில்லை.

ஆனால் ஆளுக்கு ஆள் நல்ல மனத்தை நம்பி ஒரு சமூகம் இருக்க முடியாது. பத்து ஆண்டுகள் ஒரு காணியைத் தடையின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம் என்பது நாட்டுச் சட்டம். 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தில் போராளிகளின் நடவடிக்கைகளால் நீதிமன்றம் போக முடியாதவர்களுக்கு, அந்தக் காலத்தைப் பத்து ஆண்டுக் கணக்கில் சேர்க்காமல் விட, 2016 இல் ஒரு விசேட சட்டம் வந்தது. கொடுத்த அவகாசம் 2 ஆண்டுகள்தான். அதற்குள் வழக்கு வைக்க வசதி இருந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

ஆகவே இந்தச் சபையிடம் எனது வேண்டுகோள் இது. அடுத்த சந்திப்பைச் சோனகத் தெருவில் வையுங்கள். கிராம அலுவலரையும், கட்டணம் வாங்காமல் உதவக்கூடிய ஒரு நொத்தாரிசையும் அழையுங்கள். காணி உறுதிப் பத்திரம் தொலைத்தவர்களுக்குக் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கும் செலவைக் கோயிலும் தேவாலயமும் பகிர்ந்து ஏற்கட்டும். இந்தத் தாய்மாரிடம் மன்னிப்பைப் பற்றி யாரும் பேச வேண்டாம். மடியிலுள்ள படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்த இடத்தில், எந்தத் திகதியில், பிள்ளையை யாரிடம் ஒப்படைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். எழுதியதன் கீழ் சிவாச்சாரியாரும் அருட்தந்தையும் போதகரும் மௌலவியும் சாட்சிகளாகக் கையொப்பமிடுங்கள். அந்தக் கடிதத்தை உரிய அலுவலகங்களுக்கு நீங்களே நேரில் கொண்டு போங்கள்.