செருப்பு வைத்த இடத்தில் வண்டி நிற்கவில்லை

வணக்கம் மக்களே. காலை ஏழு மணி, எனக்குப் பின்னால் தெரிவது எங்கள் ஊர்ப் பழைய ரைஸ்மில் களம். மில் ஓடி வருஷக்கணக்காகிறது, ஆனால் சிமெண்ட் தரை அப்படியே கிடக்கிறது. நீடாமங்கலம் பக்கம், வெண்ணாற்றங்கரை ஊர். காற்று இரைச்சல் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே தரையில் ஒற்றை ஒற்றையாகச் செருப்பு கிடக்கிறதே, அதைக் காட்டத்தான் இந்த வீடியோ. இருங்கள், கிட்டப் போகிறேன். இது பத்தாவது படிக்கிற தம்பியுடையது, இந்த ரோஸ் கலர் வார் வைத்தது பதினொன்றாவது படிக்கிற பொண்ணுடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கே வண்டிப் பாடம் நடக்கிறது. அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு மாமா, கடைத்தெருவில் டூவீலர் மெக்கானிக்காக இருக்கும் ஒரு அண்ணன், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் நர்ஸ் அக்கா, இவர்கள் மூன்று பேரும் சேர்ந்து ஆரம்பித்தது. யாரும் காசு வாங்குவதில்லை. பதினெட்டு ஆகாத பிள்ளைகள் இங்கே வண்டியில் ஏறுவதே கிடையாது, பார்ப்பது, கேட்பது, கணக்குப் போடுவதுதான். ஓட்டிக் காட்டுவது லைசென்ஸ் வைத்திருக்கிற இரண்டு அண்ணன்கள்.

இன்றைக்கு என்ன செய்தார்கள் என்றால், வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும், மாமா நிற்கும் இடத்தைத் தாண்டும்போது விசில் அடிப்பார், அடித்த உடனே ஓட்டுகிறவர் பிரேக் பிடிக்க வேண்டும். வண்டி எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே நினைத்து ஒவ்வொரு பிள்ளையும் அந்த இடத்தில் ஒரு செருப்பை வைக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் மாமா காலடியிலிருந்து ஒரு வண்டி நீளம், இரண்டு வண்டி நீளத்திலேயே வைத்துவிட்டார்கள். 30 ஒரு வேகமா என்று ஒரு பையன் சத்தமாகவே கேட்டான். வண்டி வந்தது, விசில் அடித்தது, எல்லாச் செருப்பையும் தாண்டிப் போய்த்தான் நின்றது. டேப் வைத்து அளந்தோம், 13 மீட்டர். அந்த ரோஸ் கலர் செருப்புதான் இருப்பதிலேயே தள்ளி இருந்தது, அதையும் நாலு எட்டு தாண்டியிருந்தது. கேட்ட பையன் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை, தானே நடந்து போய் நாலு தரம் எட்டு வைத்து அளந்து பார்த்தான்.

மாமா சொன்ன கணக்கு இதுதான். 30-ல் போகிற வண்டி ஒரு விநாடியில் 8 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். விசில் காதில் விழுந்து, மூளைக்கு எட்டி, கை பிரேக்கைப் பிடிக்கிறதுக்குள்ளேயே பாதித் தூரத்துக்கு மேல் போய்விட்டது. 60-ல் போனால் அதே ஒரு விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல், அதோடு பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நாலு மடங்காகும். வேகம் இரண்டு மடங்கானால் இதுவும் இரண்டு மடங்குதானே என்றுதான் நானும் நேற்று வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் காய்ந்த சிமெண்ட் தரையில். நம்ம ரோடு அப்படியா இருக்கிறது? சம்பா அறுப்பு நேரத்தில் கரை ரோட்டைப் போய்ப் பாருங்கள். பாதி ரோட்டில் நெல் காயும், அது நகராமல் இருக்க ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள், ராத்திரி கருப்புத் தார்ப்பாய் போட்டு மூடினால் தாருக்கும் தார்ப்பாய்க்கும் வித்தியாசம் தெரியாது. சேற்று வயலில் ஓட்டுகிற இரும்புச் சக்கரம், அதாவது கேஜ் வீல் மாட்டின டிராக்டர் வயலிலிருந்து ஏறினால் ரோடு முழுக்கச் சேறு. கொள்முதல் நிலையத்து வாசலில் லாரி வரிசை, பின்லைட் எரியாத டிரெய்லர், தை மாதப் பனி. ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் விடிய விடிய ரோட்டோரமாகவே போவார்கள். நெல்லை ரோட்டில் காயப்போடுகிற விவசாயியை நான் குறை சொல்லவில்லை, காயவைக்க வேறு இடம் இருந்தால் அவர் ஏன் அங்கே வரப்போகிறார்? ஆனால் இந்த ரோட்டில் எப்படிப் போவது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை, ஆபீசில் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கினாலும் வைக்கோல் மேல் பிரேக் பிடிக்கக் கூடாது என்பது தெரியாது.

எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. பிளஸ் ஒன் படிக்கும்போது, அப்பாதான் சாவியைக் கொடுத்து, உரக்கடைக்குப் போய் மருந்து வாங்கிக்கொண்டு வா என்றார். மதகு வளைவில் வைக்கோல் பரப்பிக் கிடந்தது. நான் பயத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன், அவ்வளவுதான், வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இதோ இடது மணிக்கட்டில் இந்தத் தழும்பு, உள்ளே பிளேட் இருக்கிறது. அப்பா இன்றைக்கு வரைக்கும் அந்தச் சாவியைப் பற்றிப் பேசமாட்டார்.

அதனால் பெற்றவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளைகள் திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டு போவது கொஞ்சம்தான், பெரும்பாலும் நாம்தான் அனுப்புகிறோம். டியூஷன் விடும் நேரத்துக்கு பஸ் இல்லை, புண்ணாக்கு வாங்க ஆள் இல்லை, எனக்கும் புரிகிறது. ஆனால் 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 199ஏ பிரிவுப்படி, பதினெட்டு ஆகாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றவர்களோ வண்டிக்காரரோதான் பொறுப்பு. 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பதினாறு வயதில் ஓட்டலாமே என்கிறவர்களுக்கு, அது கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். எக்ஸெல் 100 அதில் வராது.

நர்ஸ் அக்கா சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். அடிபட்டுக் கிடந்தால் முதலில் 108. ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காதீர்கள், கழுத்தில் அடி இருந்தால் இன்னும் மோசமாகும். மூச்சு விட முடியாமல் இருந்தால் மட்டும், தெரிந்த இரண்டு பேர் சேர்ந்து கழற்றலாம். உதவி செய்தால் போலீஸ் கேஸில் இழுத்துவிடுவார்களோ என்று ஒதுங்க வேண்டாம், நல்லெண்ணத்தில் உதவுகிறவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021-லிருந்து ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கிறது, அதில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குக் காசு கேட்க மாட்டார்கள்.

சரி, வெயில் ஏறிவிட்டது. அடுத்த ஞாயிறு களத்தில் வைக்கோல் பரப்பி, சைக்கிளை மெதுவாக விட்டு, பின்சக்கரம் எப்படி வழுக்குகிறது என்று காட்டப் போகிறார்கள். காலை ஆறரைக்கு. இந்தத் தடவை அப்பா அம்மாக்களும் செருப்பு வைக்க வேண்டும் என்று மாமா சொல்லியிருக்கிறார். எங்கள் அப்பா வருவதாகச் சொன்னார்.