மறைசாட்சி அஞ்சல்தலைகள்: எதைச் சேர்ப்பது, எப்படிக் காப்பது
(சேலத்தில் சேகரிப்பாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வணக்கம். பாதிப் பேர் ஸ்டாம்பு செருகி வைக்கும் ஸ்டாக் புக்கோடு வந்திருக்கிறீர்கள், அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

மறைசாட்சி என்றால் கிறிஸ்தவ விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர். இந்தத் தலைப்பில் சேர்க்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தேதி. போலந்துக் குரு மாக்சிமிலியன் கோல்பேயை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் இறந்தது 1941 ஆகஸ்ட் 14. 1971இல் அருளாளர் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) ஆனபோது அவர் மறைசாட்சி என்ற வரிசையில் வரவில்லை. 1982 அக்டோபர் 10இல் புனிதர் பட்டம் கொடுத்தபோதுதான் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை மறைசாட்சி என்றார். மேற்கு ஜெர்மனி அவருக்கு ஸ்டாம்பு போட்டது 1973இல். அதன் கீழே "மறைசாட்சி புனிதர்" என்று எழுதினால், விவரம் தெரிந்த கண்காட்சி நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பார். 1982 போலந்து ஸ்டாம்பைப் பக்கத்தில் வைத்து, இடையில் நடந்ததை ஒரே வரியில் எழுதுங்கள். பக்கம் தானாகப் பேசும்.

நம் நாட்டில் இந்தத் தலைப்பின் அடித்தளம் திருத்தூதர் தோமா. 15 பைசா ஸ்டாம்பு வந்தது 1964 டிசம்பர் 2, திருத்தந்தை ஆறாம் பவுல் பம்பாயில் இறங்கிய அன்று. அடுத்தது 1973 ஜூலை 3, தோமாவின் திருநாள், 20 பைசா. இரண்டும் விலை குறைவு. தனி ஸ்டாம்பைவிட, அந்தக் காலத்து முத்திரை தெளிவாக விழுந்த உறை கிடைத்தால் அதை எடுங்கள்.

திருவிழாவில் "எங்கள் புனிதருக்கு அரசே ஸ்டாம்பு போட்டுவிட்டது" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். பெரும்பாலும் அது அஞ்சல் துறையின் "மை ஸ்டாம்ப்" (My Stamp). 12 ஸ்டாம்பு கொண்ட தாளுக்குப் பணம் கட்டினால் நம் படத்தை அச்சிட்டுத் தருவார்கள். உற்றுப் பாருங்கள்: விலை இருக்கும் பாகத்தில் பூவோ கட்டடமோ இருக்கும், புனிதர் ஒட்டியிருக்கும் துண்டில் இருப்பார். வைத்துக்கொள்ளலாம், நினைவு அஞ்சல்தலை என்று மட்டும் எழுதாதீர்கள்.

குமரி மாவட்டத்து மறைசாட்சி தேவசகாயத்தைச் சேர்க்க எளிய வழி, உறையில் ஆரல்வாய்மொழி அஞ்சலக முத்திரை வாங்குவது. காற்றாடிமலையில் அவர் சுடப்பட்டது 1752 ஜனவரி 14. அந்தத் தேதி முத்திரைதான் வேண்டுமென்றால், பொங்கல் விடுமுறை அன்று விழுகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

இனி காப்பது. உறையிலிருந்து பிரிக்க, சுற்றிலும் ஒரு விரல் அகலம் காகிதம் விட்டு வெட்டி, சாதாரணத் தண்ணீரில் 15, 20 நிமிடம் போடுங்கள். நகத்தால் உரிக்காதீர்கள், பசை இளகினால் தானே நழுவும். சிவப்பு, ஊதா உறைத் துண்டுகளுக்குத் தனித் தட்டு, சாயம் மற்றதில் ஏறிவிடும். உலர்த்த மைஒற்றுத் தாள். செய்தித்தாள் மை ஸ்டாம்பில் ஒட்டும். தானே ஒட்டும் ரகம் தண்ணீருக்கு மசியாது, அதைக் காகிதத்தோடே விட்டுவிடுங்கள்.

சேலத்து வெயிலில் பிழைக்கும் ஸ்டாம்பு ஏற்காட்டில் கெடும். மழை மாதங்களில் பசை ஈரத்தை உறிஞ்சி, புது ஸ்டாம்பு பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். பூஞ்சை பிடித்து விளிம்பில் பழுப்புப் புள்ளி விழும். ஆல்பத்தை வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் வைக்காதீர்கள். படுக்க வைத்து அடுக்காமல், நெருக்காமல் நிமிர்த்தி நிறுத்துங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும், ஆனால் நிறம் மாறும் ரகமாக வாங்குங்கள்; நீலம் வெளிறி இளஞ்சிவப்பானால் வறுத்துக் காயவைக்க வேண்டும். கையில் எடுக்க டாங்ஸ், அதாவது ஸ்டாம்பு இடுக்கி. விரலின் எண்ணெய் இன்று தெரியாது. அடுத்த மழைக்குத் தெரியும்.