கையில் சிலம்பு இருந்தது, அதனால் கள்வனா?

நடுவர் அவர்களுக்கும் அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

"நம் வீட்டு வாக்குவாதங்களில் அதிகம் தீங்கு செய்வது 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்ற வாதமா, 'நெருப்பில்லாமல் புகையாது' என்ற வாதமா?" இதுதான் இன்றைய தலைப்பு. புகை வாதமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர், ஒருவரை வைத்து ஊரையே எடைபோடும் பழக்கத்தைச் சாடினார். "அந்த ஊர்க்காரர்களே இப்படித்தான்" என்று கேட்கும்போது எனக்கும் வயிறு எரிகிறது. ஆனாலும் பதம் பார்ப்பதில் ஒரு நேர்மை உண்டு. ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே தீ. சந்தேகம் வந்தால் கரண்டியை அடிவரை விட்டு இன்னொரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கலாம். தப்பு அப்போதே தெரிந்துவிடும். புகை வாதத்தில் அந்த இரண்டாவது பருக்கையை யாரும் எடுப்பதில்லை. முதலில் மனத்தில் பட்ட காரணத்தோடு நின்றுவிடுகிறோம்.

மணிமேகலையில் 'கருதல்' என்ற அளவையை, அதாவது ஒன்றைக் கண்டு இன்னொன்றை ஊகித்து அறியும் வழியை, மூன்றாகப் பிரித்துச் சொல்கிறார்கள். அவற்றில் இரண்டைக் கேளுங்கள். கருமுகிலைக் கண்டு மழை பெய்யும் என்பது 'முதல்'. வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்பது 'எச்சம்'. முன்னது காரணத்திலிருந்து விளைவுக்குப் போகிறது. பின்னது விளைவிலிருந்து காரணத்துக்குத் திரும்புகிறது. திரும்புகிற வழியில்தான் பாதை பலவாகப் பிரிகிறது. காவிரியில் தண்ணீர் பெருகினால் மழைதான் காரணமா? மேட்டூரில் மதகைத் திறந்திருக்கலாம். 'மழையாக இருக்கலாம்' என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்ல நமக்கு உரிமை இல்லை. நம் வீட்டுச் சண்டையிலோ அந்த 'லாம்' ஒரே நொடியில் 'தான்' ஆகிவிடுகிறது.

எங்கள் வீட்டில் ஆனது. அம்மாவின் ஒற்றைக் கம்மலைக் காணவில்லை. பாத்திரம் துலக்க வரும் அக்கா அன்று அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பியிருந்தார். அவ்வளவுதான் புகை. மறுநாள் கேட்டபோது அவர் தலையைக் குனிந்தார். "பார், முகத்தைப் பார்க்க முடியவில்லை" என்றோம். பிறகு நிமிர்ந்து, "நான் எடுக்கவில்லை அம்மா" என்று உரக்கச் சொன்னார். "எவ்வளவு துணிச்சல்" என்றோம். குனிந்தாலும் குற்றம், நிமிர்ந்தாலும் குற்றம். அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். பதினோராம் நாள் தலையணை உறையை உதறும்போது கம்மல் கிடைத்தது. உறையின் ஓரத் தையலில் திருகாணியோடு சிக்கிக் கிடந்தது.

இதே தர்க்கம்தான் மதுரையில் கோவலனைக் கொன்றது. அரசியின் சிலம்பைக் காணவில்லை. இவன் கையில் அதைப் போன்ற ஒரு சிலம்பு இருக்கிறது. ஆகவே இவன் கள்வன். காவலர்களே தயங்கினார்கள், இவன் கொலைப்படத் தக்கவனாகத் தெரியவில்லை என்றார்கள். பொற்கொல்லன் விட்டானா? மந்திரம், தெய்வம், மருந்து என்று கள்வர்க்குத் துணையாவன எட்டை அடுக்கினான். கள்வனைப் போல் தோன்றாததே தேர்ந்த கள்வனுக்கு அடையாளம் என்று ஆக்கிவிட்டான். எதைக் காட்டினாலும் குற்றத்துக்கே சான்றாகும் என்றால் அதற்கு வாதம் என்று பெயர் சொல்லக் கூடாது.

கண்ணகி அரசவையில் செய்தது என்ன? அழுததை மட்டுமே நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவள் ஒரு சோதனை வைத்தாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்றான் பாண்டியன். அப்படியென்றால் இது அரசியின் சிலம்பானால் உள்ளே முத்து இருக்க வேண்டும். உடைத்தாள். மாணிக்கம் தெறித்தது. முத்து இல்லை, ஆகவே அரசியின் சிலம்பு இல்லை. 'யானோ அரசன் யானே கள்வன்' என்று வீழ்ந்தான் அவன். உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதுமாக இருந்தது; கோவலன் உயிரோடு இருந்தபோது அந்த நொடியை யாரும் கொடுக்கவில்லை.

எதிரணியினர் கேட்கலாம்: புகையைப் பார்க்காமல் மருத்துவர் எப்படி நோயைக் கண்டுபிடிப்பார்? பார்க்கட்டும். ஆனால் நல்ல மருத்துவர் காய்ச்சலைக் கண்டதும் டெங்கு என்று முடிவு கட்டுவதில்லை. டைபாய்டாகவும் இருக்கலாம், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம் என்று இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். பரிசோதனைக்கு முன் தீர்ப்பு எழுதுவதைத்தான் மணிமேகலை 'தேராது தெளிதல்' என்று குற்றங்களில் ஒன்றாக வைக்கிறது. 'தேரான் தெளிவும்' தீராத துன்பம் தரும் என்கிறார் வள்ளுவர்.

ஊரைப் பழிக்கும் சொல் கொடியதுதான், நண்பரே. ஆனால் ஒரு பொருள் காணாமல் போகிற நாளில் அந்தப் பழியைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு குறிப்பிட்ட மனிதரின் கழுத்தில் மாட்டுவது புகை வாதம்.

கம்மல் கிடைத்த அன்று மாலையே அம்மா அந்த அக்காவின் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றபடியே அவர் சொன்னார்: "வேறு வீட்டில் சேர்ந்துவிட்டேன் அம்மா. அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், அதனால்தான் சீக்கிரம் போனேன்." நாங்கள் அதைக் கேட்கவே இல்லை. கண்ணகிக்காவது உடைத்துக் காட்ட ஒரு சிலம்பு இருந்தது. எடுக்கவில்லை என்பதற்கு அந்த அக்கா எதை உடைத்துக் காட்டியிருப்பார், நடுவர் அவர்களே?

வணக்கம்.