ஏட்டுச் சுரைக்காயும் அரைக்கிலோ தக்காளியும்

(புதுச்சேரியில் ஒரு கிளை நூலக விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, வரவேற்புரையிலேயே என் நேரத்தில் பத்து நிமிடத்தை அன்போடு எடுத்துக்கொண்ட செயலாளர் அவர்களே, கொம்யூன் பஞ்சாயத்திலிருந்து வந்திருக்கும் அதிகாரிகளே, இந்த நூலகத்தின் மின்விசிறியை இரண்டு முறை சொந்தச் செலவில் பழுது பார்த்த நூலகர் அவர்களே, ஓய்வு பெற்ற பிரெஞ்சு ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் பொன்னாடைக்குக் காத்திருக்கும் பெரியோர்களே, பின்வரிசையில் காராசேவுக்குக் காத்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

பிரெஞ்சில் புத்தகம் பற்றிப் பேசக் கற்பது எப்படி என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான்கு செய்திகள் சொல்லப் போகிறேன். ஒன்று சொல், இரண்டு நாக்கு, மூன்று கருத்து, நான்கு எழுத்து. நான்குக்கும் சேர்த்து ஒரே பழமொழிதான்: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இலக்கணத்தில் நூற்றுக்கு எண்பது வாங்கிய பிள்ளையிடம் "நீ என்ன படிக்கிறாய்?" என்று பிரெஞ்சில் கேட்டால் கூரையைப் பார்க்கிறதே, அந்தச் சுரைக்காயைத்தான் சொல்கிறேன்.

சொல்லில் முதல் பள்ளம், தெரிந்த சொல் மாதிரியே இருக்கும் சொற்கள். 'லிப்ரேரி' என்றால் நூலகம் இல்லை, புத்தகக் கடை. நூலகம் 'பிப்லியோதெக்'. 'நூவெல்' நாவல் இல்லை, சிறுகதை. நாவலுக்கு 'ரொமான்'. 'எதித்தர்' என்பவர் பத்திரிகை ஆசிரியர் இல்லை, பதிப்பாளர். 'லெக்த்யூர்' என்றால் வாசிப்பு. நான் இப்போது செய்துகொண்டிருப்பது லெக்த்யூர் அல்ல, 'கோன்ஃபெரான்ஸ்'. முடிவதற்குள் அது உங்களுக்கே புரிந்துவிடும்.

அடுத்தது ஆண்பால், பெண்பால். இதற்கு நம்மூர்ப் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். முத்தியால்பேட்டைப் பையன் ஒருவன் வேலைக்காகப் பாரிசுக்குப் போனான். வீட்டுக்கார அம்மாவுக்குப் பிறந்தநாள், அவருக்குப் புத்தகம் என்றால் உயிர். பையன் தெருச் சந்தைக்குப் போகிறான். ஒரு பக்கம் காய்கறி, ஒட்டினாற்போல் பழைய புத்தகம் விற்கும் மேசை. புத்தகக்காரர் காப்பி குடிக்கப் போயிருக்கிறார். பக்கத்துக் காய்கறிக்காரர் "என்ன வேண்டும்?" என்கிறார். பையன் மரியாதையாக, "யூன் லிவ்ர், சில் வூ ப்ளே" என்கிறான். காய்கறிக்காரர் "எதில்?" என்கிறார். இவன் எந்த வகை என்று கேட்கிறார் போலும் என்று நினைத்து, "நல்லதாக, பெரியவர்களுக்குப் பிடிக்கிற மாதிரி" என்கிறான். அவர் நல்ல பழுத்த தக்காளியாகப் பொறுக்கித் தராசில் போடுகிறார். இவன் "இல்லை, இல்லை, படிக்க!" என்கிறான். அவர் தக்காளியைப் பார்க்கிறார், இவனைப் பார்க்கிறார். வரிசையில் பின்னால் நின்ற பாட்டி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பை கீழே விழுந்து ஆரஞ்சுப் பழங்கள் உருண்டு ஓடின. ஊரே குனிந்து பொறுக்கியது. பையன் வெட்கத்தில் தக்காளிக்குக் காசு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து ரசம் வைத்தான். வீட்டுக்கார அம்மா இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, அந்த மாத வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டதாகவும் கதை உண்டு. அதை நான் நம்பவில்லை.

நடந்தது இதுதான். 'அன் லிவ்ர்' ஆண்பால், புத்தகம். 'யூன் லிவ்ர்' பெண்பால், சந்தைக் கணக்கில் ஐந்நூறு கிராம். சொல் ஒன்றே, முன்னால் வருவதுதான் வேறு. ஆகவே 'லிவ்ர்' என்று தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், முன்னொட்டோடு சேர்த்தே செய்யுங்கள். தராசு விஷயத்தை நினைவில் வையுங்கள், திரும்ப வருவேன்.

நாக்குக்கு வருவோம். "படித்தேன்" என்பதற்கு 'ஜே ல்யூ'. அந்த ஒலி தமிழில் இல்லை. நாக்கை 'ஈ' சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு, அதை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஊ' போலக் குவியுங்கள். வந்துவிடும். 'லூ' என்று சொன்னால் ஓநாய். ஆனால் மூக்கொலி நமக்குத் தானாகவே வரும். 'நான்' என்பதைப் பேச்சில் எப்படிச் சொல்கிறோம்? கடைசி 'ன்' நாக்கில் படாமல் மூக்கோடு போய்விடுகிறது. 'ரொமான்' அப்படியே. நம் வீட்டில் இருக்கிற ஒலியை வகுப்பில் போய்க் காசு கொடுத்துத் தேடுகிறோம்.

கதைத்தலைவனில் இன்னொரு வழுக்கல். ஒருவன் என்றால் 'லெ எரோ'. பலர் என்றால் 'லே எரோ', இடையில் ஒட்டக்கூடாது. வழக்கம்போல 'ஸ்' சேர்த்து 'லேஸெரோ' என்றால் பூஜ்யங்கள் ஆகிவிடுவார்கள். தலைவிக்கு மட்டும் ஒட்டலாம், 'லெரொயின்'.

இனிக் கருத்து. தமிழன் இங்கே வெள்ளைக்கார மாணவனைவிட ஒரு படி முன்னால் நிற்கிறான். 'ஸெ லிவ்ர் மா ப்ல்யூ' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். புத்தகம் எழுவாய், நான் 'எனக்கு'. "இந்தப் புத்தகம் எனக்குப் பிடித்தது." அச்சாக நம் வாக்கியம்! ஆங்கிலம் வழியாகப் போனால் சுற்றுவழி, தமிழிலிருந்து நேராக நடந்தால் அடுத்த தெரு. ஒரு எச்சரிக்கை: 'இல் ஆ ப்ல்யூ' என்று தனியாகச் சொன்னால் மழை பெய்தது என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த 'மா'வை விடாதீர்கள்.

பேச உட்கார்ந்தால் ஆறு வாக்கியம் போதும். பெயரும் ஆசிரியரும், என்ன வகை, 'கதை நடப்பது' என்னும் பொருளில் 'லிஸ்த்வார் ஸெ பாஸ் ஆ' என்று தொடங்கி எங்கே நடக்கிறது, யாருடைய கதை, பிடித்ததா, 'பார்ஸ் கெ' போட்டு ஏன். கதையைச் சொல்லும்போது நிகழ்காலம். நீங்கள் படித்ததைச் சொல்லும்போது 'ஜே ல்யூ'. புத்தகத்தில் அச்சாகியிருக்கும் இறந்தகால வடிவத்தை வாயில் எடுக்காதீர்கள், அது டீக்கடையில் போய் "ஒரு தேநீர் நல்குக" என்பது மாதிரி. "இந்தப் புத்தகம் இதைப் பற்றியது" என்பதற்கு 'லெ லிவ்ர் ஸாஜி தெ' என்று நம் பிள்ளைகள் எல்லாரும் எழுதுகிறார்கள், தவறு. அங்கே 'இல்' தவிர வேறு எழுவாய் வராது. 'தான் ஸெ லிவ்ர், இல் ஸாஜி தெ', அவ்வளவுதான். சிரமமாக இருந்தால் 'ஸா பார்ல் தெ' என்று எளிதாகப் போய்விடலாம்.

பெரும்பாலும் கெடுவது எங்கே? பின் அட்டைச் சுருக்கத்தை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதில். எதிரில் இருப்பவர் 'பூர்க்வா?' என்று ஒரே சொல்லில் ஏன் என்று கேட்டால் கட்டடம் சரிந்துவிடும். ஏட்டுச் சுரைக்காய், நான் சொன்னேனே!

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், எனக்குத் தெரிகிறது. அவர் பொறுமைக்கு நன்றி. நான் வந்த உண்மையான காரியம் இதுதான். நம் ஊரில் 1827இலேயே பொது நூலகம் தொடங்கியது, இன்று பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலந்து பெயரில் இருக்கிறது. பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் அலியான்ஸ் பிரான்செஸ் 1889இல் வந்தது. நகரத்துப் பிள்ளைக்கு அது நடக்கிற தூரம். பாகூர்ப் பிள்ளைக்கும் நெட்டப்பாக்கம் பிள்ளைக்கும்? ஒவ்வொரு கொம்யூன் கிளை நூலகத்திலும் ஒரு பிரெஞ்சு அலமாரி, வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம், வட்டமாக எட்டு நாற்காலி. இவ்வளவுதான் கேட்கிறேன். எட்டுக்கு மேல் போனால் பேசாதவன் ஒளிந்துகொள்வான்.

புத்தகத்துக்கு எங்கே போவது என்கிறீர்கள். உங்கள் பரணுக்கு! பிரெஞ்சுப் படையில் இருந்த 'சொல்தா'க்களின் குடும்பங்களிலும் பிரெஞ்சு அரசில் எழுத்தராக இருந்தவர் வீடுகளிலும் தாத்தாவின் பெட்டி இருக்கிறது. வீட்டை இடிக்கும்போது அது பழைய பேப்பர் கடைக்குப் போகிறது, கிலோக் கணக்கில். அன் லிவ்ர் நம் கண்ணெதிரே யூன் லிவ்ர் ஆகிறது. தக்காளியை நிறுத்ததற்குச் சிரித்தோமே, இதற்கு யார் சிரிப்பது?

நான்காவதான எழுத்தை இன்னொரு நாள் பார்ப்போம். பெட்டியை எடுத்து வரும்போது சில வார்த்தைகள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், உலர்ந்த தூரிகை போதும். இராமபாணப் பூச்சி இருந்தால் தனிப் பையில் கட்டி எடுத்து வந்து நூலகரிடம் சொல்லுங்கள். முதுகில் தலைப்பு கீழிருந்து மேலாக ஓடும், தலையை இடப்பக்கம் சாய்த்துப் படியுங்கள். பொருளடக்கம் முன்னால் இல்லையே என்று பக்கம் குறைவதாக நினைத்துவிட வேண்டாம், பெரும்பாலும் கடைசியில் இருக்கும். சில பழைய புத்தகங்களில் தாள்கள் ஓரத்தில் ஒட்டியபடி இருக்கும். அச்சுப் பிழை இல்லை, அந்தக் காலத்தில் வாங்கியவரே வெட்டிக்கொண்டு படிக்க வேண்டும். நாற்பதாம் பக்கம் வரை வெட்டியிருந்தால் தாத்தா அதுவரை வந்திருக்கிறார் என்று கணக்கு. மீதியை மழுங்கிய கத்தியால், மடிப்புக்குள் விட்டு, வெளிப்பக்கமாக மெதுவாக வெட்டுங்கள். பிளேடு வேண்டாம், அது மடிப்பை விட்டுவிட்டு எழுத்துக்குள் போய்விடும்.

நன்றி, வணக்கம்.