வேலை முடிந்த குதிரைக்கு நீலகிரியில் எந்த மண்டலம்?

வணக்கம். இன்று குளம்பு சீவுவதையோ தீனி கலப்பதையோ காட்டப்போவதில்லை. சென்ற மாதம், கைவிடப்பட்ட குதிரைகளுக்கான எங்கள் காப்பகத்தின் வாயிற்கதவில், நிலப் பயன்பாட்டு விதியை மீறிவிட்டோம் என்று ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. பக்கத்து ஊர்க்காரர்களும் எங்கள் மீது புகார் மனு கொடுத்திருந்தார்கள். செய்தி பரவியதும் உங்களில் சிலர் எங்கள் மீதுள்ள அன்பினால் அவர்களைக் கடுமையாகத் திட்டிவிட்டீர்கள். அது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. ஆகவே நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது ஊட்டிக்கு வெளியே, முன்பு காரட்டும் உருளைக்கிழங்கும் விளைந்த இரண்டரை ஏக்கர் சரிவு நிலம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் குத்தகைக்கு எடுத்தோம். விவசாயி காய்கறி மூட்டைகளை அடுக்கி வைத்திருந்த தகரக் கொட்டகைதான் இப்போது லாயம். இதில் 11 குதிரைகளும் 2 கழுதைகளும் இருக்கின்றன. எனக்குப் பின்னால் நிற்கும் இந்தச் சிவப்பு மட்டக்குதிரைக்கு இருபது வயதுக்கு மேல் இருக்கும் என்று பற்களைப் பார்த்துக் கால்நடை மருத்துவர் சொன்னார். பொதி சுமக்கும் மட்டக்குதிரையின் மீது 70 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 1965-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. இவளோ தன் வாழ்நாளில் அதைவிடக் கனமான எத்தனையோ பயணிகளைச் சுமந்திருப்பாள். முன்னங்கால் நொண்டத் தொடங்கியதும் கடிவாளத்தைக் கழற்றித் தெருவில் விட்டுவிட்டார்கள். நாங்கள் பார்த்தபோது குப்பைத் தொட்டியில் எச்சில் சோற்றைப் பையோடு சேர்த்துத் தின்றுகொண்டிருந்தாள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போன பிளாஸ்டிக் குடலை அடைத்துக்கொண்டால், அது தரையில் புரண்டு புரண்டு வலியிலேயே செத்துப்போகும். அப்படி ஒரு சாவை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்றைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

இந்த மலை குதிரையின் உழைப்பால் வளர்ந்தது. மலை ரயில் 1899-இல் குன்னூர் வரைதான் வந்தது. 1908-இல் ஊட்டியை எட்டும் வரை, எஞ்சிய தூரத்துக்குக் குதிரையையும் மாட்டையும்தான் நம்ப வேண்டியிருந்தது. 1886-இல் தொடங்கிய குதிரைப் பந்தயம் கோடைக் காலத்தின் அடையாளமாகவே இருந்தது. பந்தயம் நடந்த 52 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைக் குத்தகைப் பாக்கிக்காக 2024-இல் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. அது சரியா தவறா என்பதற்குள் நான் போகவில்லை. ஓடும் குதிரைக்கும் சவாரிக் குதிரைக்கும் இந்த மலையில் ஒரு காலத்தில் இடம் இருந்தது. வேலை முடிந்த குதிரைக்கு எப்போதுமே இருந்ததில்லை. எங்கள் வழக்கும் அங்கேதான் முட்டி நிற்கிறது.

அறிவிப்புக்கு வருகிறேன். அது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56-ஆவது பிரிவின்படி அனுப்பப்பட்டது. எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தில் விவசாய மண்டலமாகக் குறிக்கப்பட்ட நிலத்தை அனுமதியின்றி வேறு பயன்பாட்டுக்கு மாற்றியிருக்கிறோம் என்பதே குற்றச்சாட்டு. கொட்டகையின் உயரம் பிரச்சினை இல்லை. மலைப்பகுதிக் கட்டட விதி அனுமதிக்கும் 7 மீட்டரில் பாதிகூட இது வராது. நிலத்தின் பயன்பாடுதான் பிரச்சினை. பால் மாடு கட்டியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பால் தராத, உழாத, விற்கப்படாத, நன்கொடையில் வாழும் குதிரையை வைத்திருப்பது கால்நடை வளர்ப்பா, நிறுவனம் நடத்துவதா என்ற கேள்விக்கு நான் ஏறி இறங்கிய ஒவ்வொரு மேசையிலும் வெவ்வேறு பதில் கிடைத்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இந்தச் சட்டத்தை நான் எதிர்க்கவில்லை. 2009 நவம்பரில் பெய்த மழையில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது நான் பள்ளி மாணவி. எங்கள் பள்ளிக்குப் போகும் பாதையே காணாமல் போயிருந்தது. சரிவுகளில் கண்டபடி கட்டக் கூடாது என்பதற்காக 1990-இல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்டது. அந்த வேலி இல்லாவிட்டால் இந்தக் காரட் தோட்டங்களெல்லாம் விடுதிகளாகியிருக்கும். மேலும், குதிரையின் குளம்பும் சரிவுக்குக் கேடுதான். ஒரே இடத்தில் நாள்தோறும் மிதித்தால் புல் செத்து, மண் இளகி, முதல் மழையிலேயே ஓடையில் இறங்கிவிடும். முதல் ஆண்டு இதை அறியாமல் மேற்கு மூலையை மொட்டையாக்கிவிட்டோம். இப்போது நிலத்தை நான்காகப் பிரித்து, மாற்றி மாற்றி மேயவிடுகிறோம். மழைக்காலத்தில் மேல் சரிவுக்கு அனுப்புவதே இல்லை.

இனி ஊராரின் புகார். புகார் மனுவில் முதல் கையெழுத்து, எங்களுக்குக் கீழே குடியிருக்கும் ஒரு பாட்டியுடையது. ஐந்து ஆண்டுகளாக எனக்குத் தேநீர் கொடுத்து வருபவர். நான் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தபோது, "பாப்பா, உன் குதிரை மேல எங்களுக்கு என்ன கோபம்? அந்த ஓடைத் தண்ணியத்தான நாங்க குடிக்கிறோம்" என்றார். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. எங்களிடம் நாள்தோறும் 100 கிலோவுக்கு மேல் லத்தி சேர்கிறது. அதை வேலியோரத்தில், ஓடைக்குச் சற்று மேலே, குவித்து வைத்திருந்தோம். தென்மேற்குப் பருவமழையில் அது எங்கே போகும் என்று யோசித்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான், யோசிக்கவில்லை. ஈத்தொல்லையும் எங்களால் வந்ததே.

இப்போது எரு மேட்டை நிலத்தின் மறுகோடிக்கு, கூரை போட்ட சிமெண்டுத் தளத்துக்கு மாற்றிவிட்டோம். நாள்தோறும் இருமுறை அள்ளுகிறோம். ஈ முட்டையிட்டு வளர அவகாசமே கொடுப்பதில்லை. குவியலை வாரந்தோறும் புரட்டிவிட்டால் உள்ளே சூடு ஏறிப் புழு முட்டையும் களை விதையும் அழிந்துவிடும். இந்தக் குளிரில் மக்குவதற்கு நான்கைந்து மாதங்கள் ஆகின்றன. முதல் மக்கிய எருவை அந்தப் பாட்டியின் மகன்தான் தன் காரட் பாத்திக்கு வாங்கிப் போனார். ஓடையின் ஓரமாக இருபதடி அகலத்துக்கு யாரும் மிதிக்காத புல் பட்டை விட்டிருக்கிறோம்.

குதிரைகளிடமிருந்து கிளாண்டர்ஸ் நோய் பரவும் என்ற அச்சமும் மனுவில் இருந்தது. மனிதருக்கும் தொற்றக்கூடிய, தடுப்பூசி இல்லாத நோய் அது. ஆகவே அச்சம் நியாயமானது. புதிதாக வரும் ஒவ்வொரு குதிரையையும் தனிக்கொட்டிலில் வைத்து, இரத்த மாதிரி எடுத்து, நோய் இல்லை என்ற முடிவு வந்த பிறகே மற்றவற்றுடன் சேர்க்கிறோம். அந்த அறிக்கைகளின் நகலை ஊர்க் கூட்டத்தில் கொடுத்துவிட்டேன்.

எங்கள் விளக்க மனுவில் கேட்டிருப்பது இதுதான். கைவிடப்பட்ட விலங்குகளைப் பராமரிப்பதைக் கால்நடை வளர்ப்பாகக் கருதி, நிபந்தனைகளோடு விவசாய மண்டலத்தில் அனுமதிக்க வேண்டும். எண்ணிக்கை 13-ஐத் தாண்டாது, புதிதாகக் கட்டடம் எழுப்ப மாட்டோம், பார்வையாளர்களை வரவழைக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். இந்த இடம் பொருந்தாது என்றால், ஓடையில்லாத ஒரு சமதளத்தைக் காட்டினால் போய்விடுகிறோம் என்றும் சேர்த்திருக்கிறேன். விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தெருவில் திரியும் குதிரைகளைப் பிடித்து உரிமையாளருக்கு அபராதம் விதிப்பதும் ஊட்டியில் அவ்வப்போது நடக்கிறது. ஆனால் உரிமையாளர் யாரும் முன்வராவிட்டால், பிடித்த குதிரையை எங்கே கொண்டுபோவது? முழுமைத் திட்டத்தின் வரைபடத்தில் குடியிருப்புக்கு ஒரு நிறம், வணிகத்துக்கு ஒரு நிறம், விவசாயத்துக்கு ஒரு நிறம் இருக்கிறது. நானும் அந்த வரைபடத்தை மேசையில் விரித்து இரண்டு மணி நேரம் தேடினேன்.

விசாரணை அடுத்த மாதம். அன்றைக்குத் தயவுசெய்து யாரும் கூட்டமாக வர வேண்டாம்; பத்து வண்டிகள் இந்தக் குறுகிய பாதையில் ஏறினால் ஊரார் சொன்னது உண்மையாகிவிடும். தீர்வு வரும் வரை புதிய குதிரைகளை ஏற்கக் கூடாது என்பது எங்களுக்கு இடப்பட்ட நிபந்தனை. நேற்று மாலை ஏரிப் பக்கமிருந்து ஓர் அழைப்பு வந்தது. வெள்ளைக் குதிரை ஒன்று பின்னங்காலை ஊன்ற முடியாமல் மழையில் நிற்கிறது என்றார்கள். கொண்டுவர முடியாது என்று சொல்ல நேர்ந்தது. மருத்துவரை அழைத்துப் போய் அங்கேயே ஊசி போட்டு, சாக்குப் போர்த்திவிட்டு வந்தோம். இந்தப் பதிவை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். ஆறு மணிக்கு அதற்கு ஊறவைத்த கொள்ளும் புல்லும் எடுத்துப் போக வேண்டும்.