ஆய்வு கோணேசபுரியில், முன்னுரிமை கொழும்பிலா?

[காட்சி: நிலாவெளி வீதி. கோணேசபுரி, திருகோணமலை வளாகத்தின் வாசல்.]

வணக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்கு முன்னால் நிற்கிறோம். முகாமைத்துவம், தொடர்பாடல், மொழி என்று படிக்கிற பிள்ளைகள் இறுதியாண்டில் ஆய்வுத் தலைப்பைத் தேடி அலைகிற இடம் இது. இப்போதெல்லாம் தலைப்போடு ஒரு கேள்வியும் வந்து விடுகிறது: "இந்த ஆய்வு நாட்டின் முன்னுரிமைகளோடு எப்படிப் பொருந்துகிறது?"

கேட்பது நியாயம்தான். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இலங்கை ஆய்வுக்குச் செலவிடுவது ஏறத்தாழ 0.1 வீதம். இவ்வளவு சிறிய பணம் எதற்குப் போகிறது என்று பார்க்கத்தான் வேண்டும்.

ஆனால் நடப்பது என்ன? முன்மொழிவின் முதல் பக்கத்தில் வறுமை ஒழிப்பு, நிலைபேறான அபிவிருத்தி என்ற சொற்கள் ஏறிவிடுகின்றன. உள்ளே போனால் அதே பழைய "வாடிக்கையாளர் திருப்தி". இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். நாட்டின் முன்னுரிமைப் பட்டியலை அவர்கள் கையில் கொடுத்தோம், அதை ஊருக்குள் கொண்டுபோகும் வழியைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

[காட்சி: மூதூர் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணை. கடன் அட்டைகள் நெருக்கத்தில்.]

சரி, ஒரு விஷயத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். நுண்கடன். பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுக்கிற சிறு கடன்.

2016ல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018ல், வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களில், கட்ட முடியாமல் நிலுவையானவற்றை அரசு தள்ளுபடி செய்தது. தேசிய முன்னுரிமை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இதை ஆராயப் போகிற மாணவியின் வினாக்கொத்தில் ஒரு வரி: "நீங்கள் கடன் பெற்றுள்ளீர்களா? ஆம் / இல்லை." வீட்டில் கணவர் இருக்கும்போது கேட்டால் அந்த அக்கா "இல்லை" என்று சொல்லிவிடக்கூடும். கணவருக்குத் தெரியாமல் எடுத்த கடனாக இருக்கலாம். "ஆம்" என்று சொன்னாலும் பாதிதான் தெரியும். கிழமைக்கு ஒருமுறை தவணை. அதைக் கட்ட இன்னொரு நிறுவனத்தில் கடன். அதைக் கட்ட நகை அடகு. குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், அதனால் பக்கத்து வீட்டோடு மனஸ்தாபம். ஆம், இல்லை என்ற இரண்டு கட்டங்களுக்குள் இது எங்கே அடங்கும்?

ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும். "போன கிழமைத் தவணைக்குக் காசு எங்கிருந்து வந்தது?" இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலில் கடன் சங்கிலி முழுவதும் வெளியே வரும். ஒரு கடனை மட்டும் தள்ளுபடி செய்தால் மற்றவை ஏன் அப்படியே நிற்கின்றன என்பதும் விளங்கும். கொள்கை எழுதுகிறவருக்குத் தேவையான தகவல் இதுதான்.

இதே திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவையும் நினைத்துப் பாருங்கள். 2017 மார்ச்சில் அங்கே டெங்கு பரவியது. அந்த ஆண்டு நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் பதிவானார்கள். நுளம்பை ஆராய ஆட்கள் இருந்தார்கள். வீட்டில் தண்ணீரை ஏன் தேக்கி வைக்கிறார்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் படலை திறக்கிறதா, யார் சொன்னால் கேட்பார்கள்? இதையெல்லாம் கேட்க வேண்டியது சமூக விஞ்ஞானம்.

[காட்சி: சம்பூர். வெட்ட வெளி, தூரத்தில் கொட்டியாரக் குடா.]

இனிச் சிக்கலான இடத்துக்கு வருவோம். முன்னுரிமையையே கேள்வி கேட்கும் ஆய்வை என்ன செய்வது?

2006ல் போரால் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்கள் ஊரில் இந்திய உதவியோடு 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் என்று திட்டம் வந்தது. மின்சாரம் நாட்டின் தேவை. காணி அந்த மக்களின் தேவை. அவர்களும் இந்த நாட்டு மக்கள்தானே? 2016ல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. காணி, மேய்ச்சல் தரை, கடற்கரைக்குப் போகும் பாதை பற்றி அங்கே இப்போதே ஓர் ஆய்வு நடந்தால் அதைத் திட்டத்துக்கு எதிரானது என்று ஒதுக்கக்கூடாது. அந்த ஆய்வாளருக்குப் பல்கலைக்கழகம் துணை நிற்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

[காட்சி: பிரதேச செயலகத்தில் ஒரு மேசை. ஒரு தாள்.]

அப்புறம், முடிவுகள் எங்கே போகின்றன? பெரும்பாலும் நூலக அலுமாரிக்கு. திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. ஆய்வு நடந்த பிரிவின் செயலகத்துக்கு ஒரே ஒரு தாள் போனால் போதும்: என்ன கேட்டோம், என்ன கண்டோம், என்ன செய்யலாம். தமிழிலும் சிங்களத்திலும். அடுத்த ஆண்டுக்கான திட்டங்களை முடிவு செய்வதற்கு முன்பே போக வேண்டும், பட்டமளிப்பு முடியும்வரை காத்திருந்தால் பயனில்லை. அதே தாளைக் கேள்விக்குப் பதில் சொன்ன வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள். "நாங்கள் சொன்னதை இப்படியா எழுதினீர்கள்?" என்று யாராவது கேட்டால், அச்சுக்குப் போகுமுன் திருத்துங்கள்.