முளைக்க நிலம் வேண்டாமா?

(நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, வேறு இரண்டு நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு வந்திருப்பதாகச் சொன்ன நகர்மன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, எனக்கு எழுத்தறிவித்த தலைமையாசிரியர் ஐயா அவர்களே, நாற்காலிகளைத் தாமே சுமந்து வந்து போட்ட நூலகர் அவர்களே, பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்து என்னைப் பெருமைப்படுத்திய வாசகர் வட்டத்து நண்பர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். ஒலிபெருக்கி அமைத்த தம்பிக்கும் நன்றி. போன கூட்டத்தில் அவரை மறந்துவிட்டார்கள்.

மார்கழியிலும் மின்விசிறி சுற்றுகிற ஊரில் ஐஸ் ஹாக்கியா என்று அழைப்பிதழைப் பார்த்துச் சிரித்தவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறீர்கள். சிரியுங்கள். மாஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ., அதாவது ராணுவத்தின் மத்திய விளையாட்டுக் கழகம், அதைப் பற்றி மூன்று பகுதிகளாகப் பேசப் போகிறேன். பிறந்த கதை ஒன்று, வென்ற கதை இரண்டு, சரிந்து எழுந்த கதை மூன்று.

1946 டிசம்பரில் சோவியத் யூனியனின் முதல் ஐஸ் ஹாக்கிச் சாம்பியன் போட்டி தொடங்கியது. ராணுவ அணியும் அதில் இறங்கியது. ஆடியவர்களில் பலர் கோடையில் கால்பந்து ஆடியவர்கள். விசெவலோத் போப்ரோவ் இரண்டிலும் நாட்டின் முதல் வரிசை வீரர். அந்த முதல் கோப்பை மாஸ்கோவின் இன்னொரு கழகமான டைனமோவுக்குப் போனது. 1948-இல் ராணுவம் வென்றது. கழகத்துக்கு அப்போது பெயர் வேறு. பல முறை மாறி, 1960-இல்தான் இன்றைய பெயர் வந்தது.

பயிற்சியாளர் அனத்தோலி தராசவ். அவர்களிடம் செயற்கைப் பனித்தளம் கிடையாது. குளிர் வந்து தண்ணீர் உறைந்தால் ஆட்டம், இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். பிறகு மாஸ்கோவின் மரீனா ரோஷா பகுதியில் ஒரு சிறுவர் பூங்காவில் சின்னஞ்சிறு செயற்கைப் பனித்தளம் அமைந்தது. நாட்டின் சாம்பியன்கள் அங்கே போய்ப் பயிற்சி செய்தார்கள். சிறுவர் பூங்காவில்! அம்மையார் அவர்கள் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த பழமொழி. ஆனால் முளைக்க நிலம் வேண்டாமா?

வலேரி கர்லமோவ் என்று ஒரு பையன். வாதக் காய்ச்சல் இதயத்தைத் தொட்டுவிட்டது, ஓடக்கூடக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். முளையைப் பார்த்தே இது விளையாது என்று எழுதிக் கொடுத்த கதை. 1962 கோடையில், தாய்க்குச் சொல்லாமல், தந்தை அவனை சி.எஸ்.கே.ஏ.வின் சிறுவர் பள்ளிக்கு அழைத்துப் போனார். அங்கே எடுத்த வயதுப் பிரிவுக்கு அவன் ஒரு வயது கூடுதல். உருவம் சிறியது, ஆகையால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தப் பையன்தான் 1972, 1976 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற கர்லமோவ். பழமொழி பொய்யில்லை ஐயா, முளையைப் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும்.

இனி வெற்றிகள். சோவியத் காலத்தில் 32 முறை நாட்டின் சாம்பியன். 1977 முதல் 1989 வரை தொடர்ந்து 13 ஆண்டுகள். ஐரோப்பியக் கோப்பை 20 முறை. 1975 டிசம்பர் 31 அன்று கனடாவின் மான்ட்ரியலில், அந்த ஊரின் கனடியன்ஸ் அணி கோலை நோக்கி 38 முறை அடித்தது. நம் ராணுவ அணியின் கோல்கீப்பர் விளதீஸ்லாவ் திரெத்தியாக் மூன்றை மட்டுமே விட்டார். சி.எஸ்.கே.ஏ. அடித்தது 13 முறை, அதில் மூன்று கோல். ஆட்டம் சமன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவர்கள் தோற்ற ஒரு ஆட்டத்தை. 1969 மே 11, மாஸ்கோ லூஷ்னிகி அரங்கம். எதிரில் ஸ்பார்தக், மாஸ்கோவின் மற்றொரு கழகம். அன்றைய முடிவுதான் கோப்பை யாருக்கு என்பதைத் தீர்மானிக்கும். மேலே சிறப்பு மாடத்தில் யார் தெரியுமா? பிரெஷ்னேவ். நாட்டையே ஆள்பவர், அதோடு ஹாக்கிப் பைத்தியம். ஸ்பார்தக் இரண்டு, ராணுவம் ஒன்று. ஆட்டத்தின் மூன்றாவது இருபது நிமிடத்தில் பாதி நேரமானதும், அன்றைய விதிப்படி, அணிகள் பக்கம் மாற வேண்டும். அந்த நொடியில் ராணுவ அணியின் பெத்ரோவ் பக்கை, அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை, வலைக்குள் தள்ளுகிறார். சமன்! அரங்கம் அதிர்கிறது. இல்லை, கோல் இல்லை என்கிறார் நடுவர். நடுவர் மேசையில் இருந்த நிறுத்துக் கடிகாரத்தின் கணக்கில் பத்து நிமிடம் ஏற்கெனவே முடிந்துவிட்டதாம். சுவரில் தொங்கும் பெரிய கடிகாரம் வேறு சொல்கிறது. எந்தக் கடிகாரம் மெய்?

தராசவ் பேசிப் பார்த்தார், கத்திப் பார்த்தார். பிறகு கையை அசைத்தார். அணி முழுதும் எழுந்து உடைமாற்றும் அறைக்குப் போய்விட்டது. பனித்தளம் காலி. கூட்டம் கூச்சலிடுகிறது. மாடத்தில் பிரெஷ்னேவ் காத்திருக்கிறார். நண்பர்களே, நம் ஊரில் வட்டாட்சியர் வரத் தாமதமானால் நாம் காத்திருப்போம். அங்கே நாட்டின் தலைவரைக் காக்க வைத்தார் ஒரு ஹாக்கி வாத்தியார்! பத்து நிமிடம் ஆயிற்று, இருபது ஆயிற்று, அரை மணிக்கும் மேல் ஆயிற்று. அதிகாரிகள் ஒருவர் பின் ஒருவராகக் கதவைத் தட்டினார்கள். கடைசியில் அணி திரும்பி வந்தது. மீதி ஆட்டத்தை ஆடி 3-1 என்று தோற்றது. கோப்பை ஸ்பார்தக்குக்கு. தராசவின் ‘போற்றுதலுக்குரிய பயிற்சியாளர்’ பட்டத்தைப் பறித்தார்கள். சில மாதங்களில் அவர்களே திருப்பியும் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு கோப்பையும் திரும்பி வந்தது.

(கைதட்டல்.) அந்தக் கைதட்டலைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள், இன்னொரு காரியத்துக்கு வேண்டும்.

இதே தராசவ் 1964-இல் ‘தங்க பக்’ என்ற சிறுவர் போட்டி தொடங்கியபோது முன்னின்றவர். பெரிய கழகப் பள்ளிகளில் சேராத, தெருவில் ஆடுகிற பிள்ளைகளுக்கான போட்டி அது. அந்தப் பிள்ளைகள் ஆடியது எங்கே? குடியிருப்புக் கட்டடங்களின் நடு முற்றத்தில். நான்கு பக்கமும் பலகை அடைப்பு. குளிர் இறுகியதும் இரவில் குழாயால் தண்ணீர் பீய்ச்சுவார்கள், விடிந்தால் பனித்தளம் தயார். கட்டணம் கிடையாது, பூட்டு கிடையாது. அந்த முற்றத்தில் யாரும் வாகன நிறுத்தம் கட்டவில்லை.

நம் சந்தைக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் கட்டப் பார்க்கிறார்கள். அதற்காகத்தான் இந்த ரஷ்யக் கதையைச் சுமந்து வந்தேன். மறைப்பானேன்? காலையில் கபடி, மாலையில் கைப்பந்து, விடுமுறையில் மூன்று கிரிக்கெட் அணிகள் ஒரே நேரத்தில். விளையும் பயிர் முளையிலே தெரியும்; நிலத்தில் சிமெண்டு போட்டபின் முளையை எங்கே தேடுவது?

ஒன்றையும் ஒளிக்க மாட்டேன். சி.எஸ்.கே.ஏ.வின் வெற்றியில் நேர்மையில்லாத பங்கும் உண்டு. கட்டாய ராணுவச் சேவையைக் காட்டி மற்றக் கழகங்களின் நல்ல வீரர்களை இழுத்துக்கொண்டார்கள். 1977-இல் வந்த பயிற்சியாளர் விக்தர் தீகனவ் காலத்தில் வீரர்கள் வீட்டை மறந்து பயிற்சி முகாமிலேயே கிடந்தார்கள். அணி வீரர் இகோர் லாரியோனவ் 1988-இல் அதைப் பத்திரிகையில் பகிரங்கக் கடிதமாகவே எழுதினார். ராணுவம் பிறர் வயலில் அறுத்தது மெய். ஆனால் அறுப்பதற்கு ஊரெங்கும் வயல் இருந்தது.

மூன்றாவது பகுதி பாக்கி இருக்கிறது. தலைவர் அவர்கள் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார்கள். சரிவு நீளமானது, கேட்கவும் சங்கடம். எழுச்சியை மட்டும் சொல்கிறேன்: ரஷ்யாவின் இன்றைய பெரிய ஹாக்கி லீகின் பரிசான ககாரின் கோப்பை 2019, 2022, 2023. போதும்.

வாசலில் நூலகரின் மேசைமேல் ஒரு நீல நோட்டுப் புத்தகம் இருக்கிறது. மைதானத்தை மைதானமாகவே விட வேண்டும் என்ற மனு அதன் முதல் பக்கத்தில். பெயர், தெரு, கையெழுத்து, அவ்வளவுதான். முதல் வரியை நிரப்பாமல் வைத்திருக்கிறேன். அம்மையார் அவர்கள் அடுத்த நிகழ்ச்சிக்கு அவசரமாகக் கிளம்புகிறார்கள் என்று தெரியும். பேனா என் கையிலேயே இருக்கிறது. இப்போது தட்டுங்கள், மிச்சம் வைத்த கைதட்டலை.

நன்றி, வணக்கம்.